தேர் நிற்காத வாசல்

மகனே,

1961 பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி பத்து நிமிடம். இந்தக் குவார்ட்டஸில் இருக்க வேண்டியவர்கள் மூன்று பேர். இருப்பது நான் ஒருவன். நீயும் உன் அம்மாவும் உடப்புசல்லாவைப் பக்கம் உன் தாத்தாவின் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறீர்கள். உனக்கு இப்போது ஆறு மாதம். ஆனால் நான் இதை அந்தக் குழந்தைக்கு எழுதவில்லை. இருபத்தைந்து வயதில், மீசை வைத்துக்கொண்டு, அப்பன் சொல்வதைப் பாதியில் வெட்டிப் பேசுகிற ஓர் ஆளாக நீ வந்து நிற்பாய் அல்லவா, அவனுக்கு எழுதுகிறேன். அவனோடு பேசுவது எனக்குச் சுலபம். என் வயதும் இப்போது அதுதான், என் குணமும் அதுதான். இதை ஒட்டி மூடி வைக்கப் போவதில்லை. தோட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த யார் படித்தாலும் சரி. நடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். எனக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஒருநாள் உனக்கு ஒரு பெண்ணைப் பிடிக்கும். கல்யாணத்துக்கு ஏதாவது ஒரு தடை இருக்கும். தடை இல்லாத கல்யாணம் நம் பக்கத்தில் ஏது? அப்போது உனக்குத் தோன்றும்: தாலி பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேர்ந்து இருப்போமே, ஒத்து வருகிறதா என்று பார்ப்போமே என்று. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அப்படிச் செய்யாதே. சாமி முன்னால் தாலி கட்டு, பிறகு வீட்டுக்குக் கூட்டி வா. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்பதை நான் நம்பவில்லை. தாலி இல்லாமலே நாற்பது வருடம் ஒரே ஓர் அறைக் காம்பராவில் வாழ்ந்து, ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் மற்றவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஜோடிகளை இந்த லயங்களில் பார்த்திருக்கிறேன். மேளம் கொட்டித் தாலி கட்டிவிட்டு, சம்பள நாளில் பெண்டாட்டியை அடிக்கிறவனையும் பார்த்திருக்கிறேன். அவர்களை வைத்து நான் கணக்குப் போடவில்லை. எனக்கு நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் இந்த ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழும்பில் இரண்டு வருடம் எஞ்சின் வேலை படித்தவன். எந்த மெஷினும் ஏன் நிற்கிறது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. உடப்புசல்லாவைத் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் பழுதானபோது என்னை ஆறு வாரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தேயிலை சலிக்கும் இடத்தில், மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு உன் அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்று நாள் நான் அவளுடைய கண்ணை மட்டும்தான் பார்த்தேன். நான்காம் நாள் துணியை இறக்கிவிட்டு, "ஏங்க, அந்த மெஷினுக்குப் போடுற எண்ணெய்யில கொஞ்சம் எங்க கதவுக்கும் ஊத்துங்க, காதே போகுது" என்றாள். ஊற்றினேன். அடுத்த வாரமே அவள் அப்பாவிடம் போய் நின்றேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. முறையும் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தாய்மாமன் இந்தியாவுக்குப் போயிருக்கான். பாஸ்போட்டு சிக்கல்ல அங்கனயே கெடக்கான். அவன் வந்து மால எடுத்துக் குடுக்காம எம்புள்ளைக்குக் கல்யாணம் இல்ல."

இந்த நேரத்தில்தான் இங்கே இந்தக் குவார்ட்டஸ் காலியானது. இரண்டு அறை, தனிக் குசினி, வாசல் பக்கமே மலைத் தண்ணீர் விழும் பீலி. குடும்பக்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கூப்பிட்டு, "உனக்குக் குடும்பம் இருக்கா இல்லையா? இல்லன்னா வேற குடும்பக்காரனுக்குக் குடுத்திடுவேன்" என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு குடும்பத்தைக் காட்ட வேண்டுமே. அந்த ஞாயிறே போய் உன் அம்மாவைக் கூட்டி வந்தேன். "மாமன் வர்ற அன்னைக்கே தாலி" என்று அவள் அப்பாவிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் ஒரு துணி மூட்டையோடு என் பின்னால் வந்தாள். பஸ்ஸில் நுவரெலியா வரும்வரை மூட்டையை மடியில் வைத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களை நான் குறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும். ஸ்டோரிலிருந்து நான் வரும்போது அவள் குசினிக் கதவைப் பாதி திறந்து வைத்து அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பாள். என் கையில் கிரீஸ் இருக்கும்; தொடவிட மாட்டாள். அரப்புத் தூளும் சாம்பலும் கலந்து அவளே என் கையைத் தேய்த்துக் கழுவிவிடுவாள். தேய்க்கும்போது ஒவ்வொரு விரலாகத் திட்டுவாள். "இது எந்த மெஷின கெடுத்துட்டு வந்துச்சு? இது?" என்பாள். பனி இறங்கி எதிர் மலை மறைந்துபோகும். உலகத்தில் இந்த இரண்டு அறையும் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம் என்று இருக்கும். நீங்கள் போன இந்தப் பன்னிரண்டு நாளாக நான் கையை ஸ்டோர் குழாயிலேயே கழுவிவிட்டு வருகிறேன். சரியாகப் போவதில்லை. நகக்கண்ணில் கறுப்பு நிற்கிறது. நீ படுத்திருந்த ஏணைக் கயிறு அந்தக் கொக்கியில் அப்படியே தொங்குகிறது. அதை அவிழ்க்கக் கை போகவில்லை. நேற்று அது காற்றில் ஆடியதைப் பார்த்துக் கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தை பிறந்தது, மாமன் வரவில்லை. சரி, அடுத்த தை என்றோம். நடுவில் நீ வந்தாய். மார்கழியில் மாமனும் வந்துவிட்டார். மகனே, இனிமேல் தடை நான்தான். "இப்ப ஸ்டோர்ல ரோலர் எல்லாம் பிரிச்சுக் கெடக்கு, திருவிழா முடியட்டும்" என்றேன். உன் அம்மா, "திருவிழாவுக்கு முன்னாடி முடிச்சிட்டா நல்லதுங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காதது மட்டும் இல்லை, பெரிய ஞானி மாதிரி ஒரு பேச்சும் பேசினேன். "எஞ்சின் வாங்குனா முதல்ல ஓட்டிப் பாப்பாங்க. சூடாகுதா, சத்தம் வருதான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. நாம ஒண்ணரை வருசம் ஓடிப் பாத்துட்டோம். எந்தக் கோளாறும் இல்ல. இனிமே தாலி எதுக்கு, சும்மா பேருக்குத்தானே?" சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓட்டிப் பாத்தது நீங்க. நான் வாழ வந்தேங்க" என்றாள்.  மாட்டிக்கொள்ளும்போது நான் செய்வதையே செய்தேன். ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

அவள் பட்டது எதையும் என்னிடம் சொன்னதில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள், "வாடி, ஒன்ன யாரு பொஞ்சாதின்னு கூப்பிடுறது? இன்னும் அப்பன் பேரு சொல்லித்தான் கூப்பிடணுமா?" என்று கேட்பார்களாம். இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு டிரைவரின் மனைவி, அவள் போன பிறகு. நீ பிறந்ததும் உன் தாத்தா உன்னைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றார். தேத்தண்ணி கொடுத்தேன், வாங்கவில்லை. "பொண்ணக் கட்டிக் குடுத்த வீடுன்னா உள்ள வந்து உக்காருவேன். வேத்து வீடுன்னா தேத்தண்ணியாவது குடிப்பேன். இது என்ன வீடுன்னு தெரியலயே. ஒங்கள மாப்ளைன்னு கூப்பிடுறதா, தம்பின்னு கூப்பிடுறதா, அதுவும் தெரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார். உன்னைக் கையில் வாங்கி, மழையில் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

தலவாக்கலையில் நான் பியூஸும் வயரும் வாங்கும் கடை ஒன்று உண்டு. கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்களுக்குள் எப்போதும் கேலிதான். தேர் அலங்காரத்துக்கு பல்பு வாங்கப் போனபோது, "என்ன பிட்டரு, கோயிலுக்கு லைட் போடுறீங்க, கோயில்ல மாலை போட மட்டும் நேரமில்லயா?" என்றார். கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே நானா, அவருக்கு எதற்குச் சாட்சி என்று நான் மடக்கினேன். அவர் பல்பை ஒவ்வொன்றாக எரியவைத்துப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டே, "எங்கட நிக்காஹ்லயும் சாட்சி வேணும். அது அல்லாஹ்வுக்கு மறந்துபோகுமின்டு வைக்கிறதில்ல. மறக்கிற ஆள் நாமதானே. ஒங்களுக்கு இப்பவே மறந்து போச்சே!" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இனி திருவிழா. நம் தோட்டத்து அம்மன் தேர் லயம் லயமாக வரும். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கோயிலுக்கு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருப்பார்கள்; தேர் அங்கே நிற்கும்; பூசாரி தேங்காய் உடைத்து அந்த வீட்டுக்காரர்களின் பேர் சொல்லி அர்ச்சனை செய்வார். தலைக்கட்டு இல்லாத வாசலில் தேர் நிற்காது. தனிக்கட்டையாக இருக்கும் ஆள்கள் பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கும்பிட்டுக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாததா? இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன் நான். ஆனால் அது நமக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருடம் தேருக்கு முதல்முதலாக மின்சார விளக்கு, எல்லாம் என் வேலை. சின்ன எஞ்சின் ஒன்றைக் கைவண்டியில் ஏற்றி, தேருக்குப் பின்னால் நானே தள்ளிக்கொண்டு வந்தேன். பொழுது சாயும் நேரம். அம்மனின் முகத்தைச் சுற்றி நூறு பல்பு. தேயிலைக் கொழுந்து மலை இருட்டத் தொடங்க, தேர் மட்டும் பகல் மாதிரி வந்தது. ஜனங்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி என்னையும் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு இரண்டு அடி முன்னால் போனது.

குவார்ட்டஸ் வரிசைக்கு வந்தோம். டிரைவர் வீட்டில் நின்றது. அடுத்தது நம் வாசல். உன் அம்மா சாணம் தெளித்துக் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். புதுச் சேலை. அவளுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. நான் விளக்குப் போட்டதற்காகவாவது நிற்பார்கள் என்று நினைத்திருக்கலாம். தேர் நிற்கவில்லை. கோயில் தலைவரான கங்காணி, "ம், இழுங்க, இழுங்க" என்றார். வேண்டுமென்றே அவமானப்படுத்த அல்ல. எல்லா வருடமும் எப்படியோ அப்படித்தான். தேர் கடந்தது. எஞ்சினைத் தள்ளிக்கொண்டு என் சொந்த வாசலை நானே கடக்க வேண்டியிருந்தது. அவள் நிறைகுடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

அம்மன் இருட்டில் நின்றாள். மேளம் நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டது, அது நீதான் என்று பிறகு தெரிந்தது. "இப்ப நின்னுச்சா இல்லையா? என் வாசல்ல தேரு நின்னுச்சா இல்லையா?" என்று கத்தினேன். யாரும் என்னை அடிக்கவில்லை. கங்காணி மட்டும் மெதுவாக, "தம்பி, விளக்கப் போடு. அம்மன இருட்டுல நிறுத்தாத" என்றார். நான் போடவில்லை. தீவட்டி கொண்டுவந்து அவர்களே தேரை இழுத்துப் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் நிறைகுடம் மட்டும் இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

உன் அம்மா அழவில்லை. விடிந்ததும் உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு மூட்டையை எடுத்தாள். நான் வழியை மறித்து, "ஒனக்காகத்தானே செஞ்சேன்" என்றேன். "எனக்காக நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதாங்க. அதச் செய்யல. வெளக்க அணைச்சு நிறுத்துன சாமி எனக்கு எதுக்கு?" என்றாள். பிறகு, "ஒங்க மேல கோவம் இல்லங்க. ஆனா நான் இங்க யாருன்னு எனக்கே தெரியல" என்றாள். பஸ் நிற்கும் சந்திவரை பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே நீதான் என்னைப் பார்த்துக்கொண்டே போனாய்.

இந்தப் பன்னிரண்டு நாளும் நான் யோசித்ததை உனக்குச் சொல்கிறேன். சேர்ந்து இருந்து பார்ப்பது என்றால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி என்று நினைத்தேன். இல்லை. ஒத்து வராவிட்டால் எனக்கு வேலை இருக்கிறது, குவார்ட்டஸ் இருக்கிறது, இன்னொரு பெண்ணும் கிடைப்பாள். அவளுக்கு அந்த பஸ்தான் இருக்கிறது. ஆக, பரீட்சை எழுதியது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறாள், என் விரலைத் தேய்த்துக் கழுவியபோதுகூட. இது நேசத்துக்குள் இருக்கக் கூடாத பயம். அதை அவளுக்குள் வைத்தவன் நான். சாமி முன்னால் கட்டச் சொல்வது எதற்கு என்று இப்போது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. கொடுத்த வார்த்தையை நினைத்த நேரத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாத ஓர் இடத்தில் வைக்கத்தான். நான் என் வார்த்தையை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இஷ்டப்பட்டால் எடுப்பேன், இஷ்டப்பட்டால் அடுத்த தை என்பேன். அம்மனிடம் ஒப்படைத்திருந்தால் அவள் என்னைப் பிடித்திருப்பாள், நானும் உன் அம்மாவும் சண்டை போட்ட நாளிலும் பிடித்திருப்பாள். பக்தி என்றால் எனக்கு இதுவரை கூட்டத்தோடு கும்பிடுவதுதான். இப்போது கும்பிடப் போனால் அந்த இருட்டில் தெரிந்த அம்மன் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவள் கோபமாக இருந்த மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோயிலில் கூடிப் பேசியிருக்கிறார்கள். நான் எல்லோர் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்டால், அங்கேயே தாலி கட்டவும் விடுவார்களாம். கங்காணி சொல்லி அனுப்பினார். முதல் மூன்று நாள் முடியாது என்றேன். சட்டம் பேசினேன், நியாயம் பேசினேன். கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. சுவரிடம் பேசிப் பேசி எனக்கே என் குரல் அலுத்துவிட்டது. உன் அம்மா இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே, "போதுங்க, சோறு ஆறுது" என்றிருப்பாள்.

எனக்கு வளவளவென்று எழுத வராது. இவ்வளவு எழுதியதே அதிகம். செய்யப் போவது இது:

1. இன்றைக்கே, இருட்டுவதற்குள், கங்காணி வீட்டுக்குப் போவேன். அவர் திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்.

2. கோயில் வாசலில், எல்லோரும் பார்க்க, விழுந்து கும்பிடுவேன். தாலி கட்ட விடுகிறார்கள் என்பதற்காக இல்லை. விடாவிட்டாலும் விழுவேன்.

3. நாளை காலையில் பெரிய கிளாக்கரிடம் குடும்பம் இருக்கிறது என்று நான் சொன்னது பொய் என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பேன். லயத்தில் ஒரு காம்பரா கொடுத்தால் போதும். இந்த வீட்டுக்காக ஒருமுறை அவளைக் கூட்டி வந்தது போதும்.

4. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு உடப்புசல்லாவைக்குப் பஸ் ஏறுவேன். மஞ்சள் கயிறோ, மாலையோ, ஊர் ஆட்களோ கொண்டு போக மாட்டேன். உன் தாத்தா வாசலில் நிற்கச் சொன்னால் வாசலில் நிற்பேன்.

5. உன் அம்மாவிடம், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பேன். அவள் அப்பாவைக் கேட்டிருக்கிறேன், கிளாக்கருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், மாமனுக்குக் காத்திருக்கிறேன். அவளை நான் இதுவரை கேட்டதே இல்லை.

6. இல்லை என்று சொன்னால் உன்னை ஒருமுறை தூக்கிக் கொடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பி வருவேன். அடுத்த ஞாயிறும் போய்க் கேட்பேன்.